ஓடாத காருக்கே என் வாக்கு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, பிரித்து, செப்பனிட்டு, மறுபடி சாலையில் விட ஆசைப்படுகிறவர்கள் விளம்பரத்தில் முதலில் தேடுவது ‘ஓடும் நிலையில் உள்ளது’ என்ற வரியைத்தான். அந்த ஒரு வரிக்காகவே விலை ஏறுகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமுகிறது, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள், பேரம் படிந்துவிடுகிறது. இந்த வேலையே தொழிலாக இருக்கிற எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. செப்பனிடுவதற்கென்று வாங்கும் கார் ஓடுகிறதா இல்லையா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. தகரம் கெட்டு ஓடுகிற கார் ஒன்றும், தகரம் திடமாக இருந்து ஓடாத கார் ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால்கூட ஓடாததைத்தான் எடுக்க வேண்டும். நடப்பில் அது இன்னும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது என்றால், சந்தை தப்புக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். அந்தத் தப்புக் கணக்கு வாங்குகிறவருக்கு லாபம்.

எந்தக் காரை வைத்துப் பேசுவது என்றால், இங்கிலாந்தில் இப்படிப் பிரித்துப் போடப்பட்ட கார்களில் மிகப் பரவலான எம்.ஜி.பி.யை வைத்துப் பேசுவதே நியாயம். 1962இல் அறிமுகமாகி, ஆக்ஸ்போர்ட்ஷயரின் ஆபிங்டன் ஆலை 1980இல் மூடப்படும்வரை தயாரான கார் அது. மூடு கூரை கொண்ட ஜி.டி. வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வில் அடியில் தனிச் சட்டகம், அதன்மேல் உடல். எம்.ஜி.பி.யில் சிட் எனெவர் தலைமையிலான குழு அதை விட்டுவிட்டு, உடலே சட்டகமாக நிற்கும் முறைக்கு வந்தது. அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் காரில் இது துணிச்சலான முடிவு. உள்ளே இடம் கிடைத்தது. ஆனால் இன்றைக்கு அந்தக் காரை வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் அந்த முடிவே தீர்மானித்துவிட்டது. தனிச் சட்டகம் உள்ள காரில் துரு பிடித்த பலகையைக் கழற்றி வேறு மாட்டலாம். இதில் கழற்றிப் போட அப்படித் தனியாக எதுவும் இல்லை. துரு பிடிப்பதே காரின் எலும்பில்தான்.

கூரை உள்ள காரில் சுமையைக் கூரையும் தூண்களும் பகிர்ந்துகொள்கின்றன. திறந்த காரில் அந்த வசதி கிடையாது. மூடி இல்லாத அட்டைப் பெட்டியை இரண்டு முனையில் பிடித்து முறுக்கினால் எப்படி முறுகுமோ அப்படித்தான் அதன் இயல்பு. அதைத் தடுப்பவை, நடுவே ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும் கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் சில் என்ற பெட்டி விட்டங்களும். வெளியிலிருந்து பார்த்தால் சில் என்பது கதவுக்குக் கீழே ஒரு சாணுக்கும் குறைவான பெயின்ட் அடித்த பட்டை, அவ்வளவுதான். உள்ளே அது மூன்று தகடுகள் சேர்ந்த கட்டுமானம். வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு பிரிப்புத் தகடு, அப்புறம் தரையோடு சேரும் உள்தகடு. இவற்றுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு வரிவிட்டம். மூன்றும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு நிற்கும்வரைதான் அதற்குப் பலம். நாம் பார்க்கிற வெளித்தகடு மட்டும் பளபளவென்று இருந்து நடுத்தகடு காணாமல் போயிருந்தால், முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைத்து வைத்திருப்பது பெயின்ட் என்றே சொல்லலாம்.

அந்த நடுத்தகடு எப்படிக் காணாமல் போகிறது? முன் சக்கரக் குழியின் பின்பக்கத்தில் சேற்றைத் தடுக்க ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதன் ஓரத்தில் ரப்பர் பட்டை. ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் சக்கரம் வாரி அடிக்கும் சேறு அந்த இடுக்கு வழியே மட்கார்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே போய்ச் சேரும். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் பனி உருக உப்புத் தூவுகிறார்கள். ஆகவே அது வெறும் சேறு இல்லை, உப்புச் சேறு. ஈரம் விடாமல் அங்கேயே குந்தியிருந்து, சில்லின் முன்முனையை உள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் எழும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். இதற்கு முறையான வைத்தியம் நீண்டது என்பதால் குறுக்கு வழி ஒன்று பல வருடங்களாகப் பட்டறைகளில் புழங்குகிறது. அழுகிய சில்லின்மேல், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் புதுத் தகடு ஒன்றைப் போர்த்திப் பற்றவைத்து, ஓரங்களில் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. அசல் சில் முன்னும் பின்னும் மட்கார்டுகளுக்குள் மறைந்து ஓடும். போர்வைத் தகடோ தெரிகிற இடத்தோடு நின்றுவிடும். அடியில் துரு தன் வேலையை அமைதியாகத் தொடரும்.

இதைக் கண்டுபிடிக்கக் காரைப் பிரிக்க வேண்டியதில்லை. மட்கார்டுகளின் அடிப்பகுதி சில்லைச் சந்திக்கும் இடத்தில் ஆலை விட்ட மூட்டுக்கோடு ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கோடே இல்லாமல் வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் அழகு என்று மயங்கக் கூடாது, யாரோ மூடியிருக்கிறார்கள். துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். இவற்றைவிட நான் நம்புவது கதவு இடைவெளியை. கதவின் பின்ஓரத்துக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே நெருங்கி கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்க்கலாம். தரையில் சுலபமாக மூடிய கதவு ஜாக்கியில் உரசினால் சில் தன் வேலையைச் செய்யவில்லை. விற்பவர் எத்தனை சொன்னாலும் கதவு பொய் சொல்லாது. இந்தச் சோதனை எதற்கும் எஞ்சினைக் கிளப்ப வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சரி, அழுகியிருந்தால் மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். மாற்ற முடியும். ஆனால் அந்த வேலையின் குணம் வேறு. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டு பற்றவைக்கப்பட்டது, அதன் அடிப்பகுதியை அறுத்தால்தான் சில்லின் பின்முனை கைக்கு வரும். அறுப்பதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து, கார் தொய்யாமல் பிடித்து வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சில்லை அறுத்தால் உடல் தன் எடையிலேயே சில மில்லிமீட்டர் இறங்கும். அந்த நிலையில் புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். அதற்கப்புறம் எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கத்தை முடிக்காமல் மறுபக்கத்தில் கை வைக்கக் கூடாது. கதவைத் தொங்கவிட்டு இடைவெளி பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு தகட்டையும் நிறுத்த வேண்டும். தகடுகளின் விலை பெரிதில்லை. பணத்தைத் தின்பது அந்த மணிநேரங்கள்தான். போதாததற்கு, சில்லைத் திறந்த பிறகுதான் தரைத்தகடு, வரிவிட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் பெட்டி, இருக்கைக்குப் பின்னால் உள்ள பேட்டரித் தொட்டி என்று அடுத்தடுத்த சேதங்கள் வெளியே வரும். இந்த வேலைக்கு முன்கூட்டியே மதிப்பீடு சொல்லும் பட்டறைக்காரர் ஒன்று துணிச்சல்காரராக இருக்க வேண்டும், அல்லது புதியவராக இருக்க வேண்டும்.

எஞ்சின் பக்கம் வந்தால் காற்றே மாறிவிடும். எம்.ஜி.பி.யின் எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த 1798 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், ஆரம்பத்தில் 95 குதிரைசக்தி. நம்மூர்க்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சி.சி. எஞ்சின் இதே குடும்பத்தின் மூத்த உருப்படி. அம்பாசிடர் ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்துப் பழகிய கைக்கு எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைத் தவிர அந்நியமாக எதுவும் தெரியாது. இந்த எஞ்சின் எங்கெங்கே தேயும், தேய்ந்தால் என்ன சத்தம் வரும், எந்த அளவில் பிஸ்டன் கிடைக்கும், பேரிங் எத்தனை வகை என்பதெல்லாம் எழுதி வைத்த கணக்கு. 1964 வாக்கில் கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின, அதற்குப் பிந்தியவை இன்னும் உழைக்கும். ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 1999 முடிவோடு நின்றதால், கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் பொருத்த வேண்டும். ஹெட்டைக் கழற்றும்போது அதையும் சேர்த்துச் செய்துவிடலாம். தப்பாகப் பூட்டினால் கழற்றித் திரும்பப் பூட்டலாம். அறுத்த தகரத்தை அப்படித் திரும்ப ஒட்ட முடியாது. சொந்தக் கையால் செய்து பழக விரும்புகிறவருக்கு எஞ்சின் பொறுமையான ஆசான், சில் கண்டிப்பான பரீட்சை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஓடாத எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், பிளாக்கே வெடித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். குளிர்நாட்டில் உறைதடுப்புத் திரவம் ஊற்றாமல் நிறுத்தி வைத்த காரில் தண்ணீர் பனியாகி பிளாக்கை வெடிக்க வைப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் மிக மோசமான நிலையை வைத்தே கணக்குப் பார்க்கலாம். எஞ்சின் முற்றிலும் போய்விட்டது என்றால் செலவு ஒரு மாற்று எஞ்சினின் விலை. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான காருக்கு அது கிடைக்காமல் போகாது. அதாவது நஷ்டத்துக்கு ஒரு கூரை இருக்கிறது, வாங்கும் முன்பே அந்தத் தொகையைக் கழித்துப் பேரம் பேசலாம். அழுகிய உடலின் செலவுக்கு அந்தக் கூரை கிடையாது. பெரும்பாலான ‘செத்த’ எஞ்சின்கள் உண்மையில் சாகவும் இல்லை. பல வருடம் நின்றதில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியே டீசலோ ஊடுருவும் எண்ணெயோ ஊற்றி ஊறவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் இளகுவதே வழக்கம். பின்பக்கம் உள்ள எஸ்.யூ. மின் பெட்ரோல் பம்பின் முனைகள் கறுத்து வேலை செய்யாமல் கிடக்கும். ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் டிக் டிக் என்று ஆரம்பித்துவிடுவதும் உண்டு. லூகாஸ் மின்சாதனங்களைப் பற்றி ஆங்கிலேயரே ஆயிரம் கேலி பேசுவார்கள். பழுதில் பெரும்பகுதி எர்த் இணைப்புகள் பாசி பிடித்ததால் வருவது, உப்புத்தாளால் தேய்த்தால் விளக்கு எரியும்.

அதோடு, ஓடுகிற எஞ்சின் தரும் தகவல்தான் எவ்வளவு? முழுதாகச் செப்பனிடப் போகிற காரில் எஞ்சினை எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும். கிளச் மாற்றவே இந்தக் காரில் எஞ்சினை இறக்க வேண்டும். இறக்கிய பிறகு பிரித்துப் பார்க்காமல் திரும்ப ஏற்றுகிறவர் யார்? பிரேக் சிலிண்டர், ரப்பர் குழாய், டயர், மேல்பக்கம் துருவேறிய பெட்ரோல் டேங்க் எல்லாம் ஓடும் காரிலும் மாற்ற வேண்டியவையே. ஆக, ஓட்டிப் பார்த்து மகிழ்ந்த அந்த ஒரு சுற்றுக்குக் கொடுத்த கூடுதல் பணம், சில மாதங்களில் பெஞ்சின்மேல் பிரிந்து கிடக்கும் ஒரு பொருளுக்குக் கொடுத்த பணம். வாங்கிய அன்றே சாலையில் ஓட்டத் தொடங்கி, ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய நினைப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவருக்கு வேண்டியது வேறு கார், அவர் கொடுக்க வேண்டிய விலையும் வேறு.

இரண்டாவது மறுப்பு புத்திசாலித்தனமானது. எம்.ஜி.பி.க்கு முழு உடலே புதிதாகக் கிடைக்கிறதே, அப்புறம் துருவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்பது. உண்மைதான். பழைய ஆலை அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி. உடலை மறுபடி தயாரிக்கிறது. 1990களில் வந்த எம்.ஜி. ஆர்.வி.8 காரே அந்த உடலின் வழி பிறந்தது. ஆனால் அந்தப் புது உடலின் விலை, ஓட்டத் தகுந்த சாதாரண எம்.ஜி.பி. ஒன்றின் விலைக்குக் குறைந்ததில்லை. பெயின்ட் அடிக்கும் செலவு அதற்கு மேல். பழைய காரிலுள்ள ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி அதற்கு மாற்றும் உழைப்பு அதற்கும் மேல். இந்த மறுப்பு என் பேச்சையே வலுப்படுத்துகிறது. ஒரு காரின் உதிரிகளில் மிக விலை கூடியது உடல் என்பதற்கு அந்த விலைப்பட்டியலே சாட்சி. பிரிட்டிஷ் அரசின் வாகனப் பதிவுத் துறையும் இதையே வேறு வழியில் சொல்லிவந்தது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க அவர்கள் ஒரு புள்ளி முறை வைத்திருந்தார்கள், 8 புள்ளி வேண்டியிருந்தது. அசல் உடலுக்கோ உற்பத்தியாளரிடமிருந்து நேராக வந்த மாற்றமில்லாத புதிய உடலுக்கோ 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. எதை மாற்றினால் கார் வேறு காராகிவிடும் என்பதில் அந்த அலுவலகத்துக்கு இருந்த தெளிவு வாங்குகிறவர்கள் பலருக்கு இல்லை.

தனிச் சட்டகம் உள்ள காராகப் பார்த்து வாங்கினால் இந்தச் சங்கடமே இல்லையே என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். ஓரளவுக்குச் சரி, முழுவதும் இல்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரான அதே டிரையம்ப் ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கிச் செய்த கார் அது. குறுக்கும்போது ஹெரால்டில் ஓரங்களில் ஓடிய விட்டங்களை எடுத்துவிட்டு, அந்தச் சுமையை உடலின் சில்மேல் ஏற்றிவிட்டார்கள். பின் சக்கரத்தைப் பிடிக்கும் தண்டுகளின் முன்முனையும் உடலிலேயே மாட்டியிருக்கிறது. சட்டகம் இருந்தும் சில் கெட்டால் கார் கெட்டது. டிரையம்பின் டி.ஆர்.6இல் சட்டகமே பின்பக்கம் அழுகும், டிஃபரன்ஷியலைத் தாங்கும் முளைகள் விரிசல் விடும். லோட்டஸ் எலானுக்குக் கண்ணாடியிழை உடல் என்பதால் துரு இல்லை என்று நிம்மதியடைந்தால், உள்ளே முதுகெலும்பு எஃகு. ஜாகுவார் இ-டைப்பின் கணக்கு மட்டும் தனி. முடித்த காரின் விலை அவ்வளவு உயரத்தில் இருப்பதால் எவ்வளவு அழுகியதையும் யாரோ ஒருவர் எடுத்துச் செய்கிறார். எம்.ஜி.பி. வாங்குகிறவர் அந்தப் பொருளாதாரத்தைக் கடன் வாங்கக் கூடாது.

வருடாந்தரச் சோதனையில் தேறிய சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு பிரிட்டனில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. சோதனை செய்த காலத்திலும் அதிகாரி எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார், தெரிகிறதைத்தான் பார்ப்பார். ஆனாலும் இணையத்தில் கிடைக்கும் பழைய சோதனைக் குறிப்புகளைப் புரட்டுவது வீண் இல்லை. ‘சில் அருகே துரு’ என்று ஒரு வருடம் எழுதியிருந்து, அடுத்த வருடம் அந்த வரி மறைந்திருந்து, வெல்டிங் செய்த ரசீதும் இல்லையென்றால் நடுவில் வந்தது போர்வைத் தகடாகத்தான் இருக்கும்.

ஓடாத கார் என்று நான் சொல்லும்போது பிரித்துப் போட்ட காரைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முந்தைய உரிமையாளர் உற்சாகமாகப் பிரித்து, உற்சாகம் தீர்ந்த பிறகு அட்டைப் பெட்டிகளில் போட்டு விற்கும் காரில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதே பிரச்சினை. பிஸ்டன் வாங்கிவிடலாம். கூரைத் துணியைத் தாங்கும் மடக்குச் சட்டம், முன்கண்ணாடியின் அலுமினியச் சட்டம், அந்தந்த வருடத்துக்கே உரிய டாஷ்போர்டு மீட்டர்கள் போன்றவை காணாமல் போயிருந்தால் ஒவ்வொன்றுக்காகவும் சந்தை சந்தையாக அலைய வேண்டும். முழுதாக, பூட்டியபடி, தூசி படிந்து, டயர் தட்டையாகிக் கிடக்கும் காரே உத்தமம். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பக் கப்பலேறி வரும் கார்களில் இப்படிப்பட்டவை கிடைக்கின்றன. வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், இருக்கை நைந்திருக்கும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், சில் மட்டும் ஆலையில் விட்ட பெயின்ட்டோடு அப்படியே இருக்கும். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக மாட்டிய கறுப்பு ரப்பர் பம்பர் உள்ள காராக இருந்தால் விலை இன்னும் இறங்கும், ஏனென்றால் குரோம் பம்பர் மோகம் அங்கே அவ்வளவு பலம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றுவதும் பம்பரை மாற்றுவதும் வேலைதான். ஆனால் பெரும்பாலும் ஸ்பேனர் வேலை, வாங்குவதற்கு முன்பே செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கக்கூடிய வேலை. அப்படிக் கூட்டி வந்த தொகையை, நன்றாக முடித்து விற்பனைக்கு நிற்கும் எம்.ஜி.பி. ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் ஒருமுறை எழுதிப் பார்ப்பதும் நல்லது. பெரும்பாலும் முடித்த காரே மலிவாக இருக்கும். அதைப் பார்த்த பிறகும் பிரித்துப் பூட்டத்தான் கை அரிக்கிறது என்பவர், காந்தமும் ஜாக்கியும் எடுத்துக்கொண்டு போனால் போதும். பேட்டரி கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.